ஊக்குவிக்கப்பட்டோர் எண்ணிக்கை

8.7.1974, திங்கள்

பட்டாலியன் அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது. விமானப்படைக்கு விமானிகள் போதவில்லையாம். ஒவ்வொரு என்.சி.சி. அதிகாரியும் தன் மாணவர்களுக்கு விமானி ஆகும் ஆர்வத்தை ஊட்டி, மாதக் கடைசியில் அறிக்கை அனுப்ப வேண்டும். அச்சடித்த படிவமும் கூடவே இருக்கிறது. நடத்திய சொற்பொழிவுகள் எத்தனை? ஊக்குவிக்கப்பட்டோர் எண்ணிக்கை எத்தனை? ஊக்கம் பெற்றவன் பிறகு என்ன ஆனான் என்பதற்குக் கட்டம் இல்லை.

தூத்துக்குடியில் விமான நிலையம் கிடையாது. எங்கள் மாணவர்கள் விமானத்தைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்திருக்கிறார்கள். அது தரையில் நின்றால் எவ்வளவு பெரிது என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. நான் ஏறிய அதிகபட்ச உயரம் நாசரேத் ஊரில் தேவாலய மணிக்கூண்டு. அப்போது வயது பதினாலு. இறங்கும்போது உபதேசியார் என்னைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது.

நான் வரலாறு நடத்துகிறவன். பத்து வருடங்களுக்கு முன் உடற்பயிற்சி ஆசிரியர் மாற்றலாகிப் போனார். அவர் விட்டுப்போன காக்கி உடுப்பு யாருக்குச் சரியாக இருக்கிறது என்று ஆசிரியர் அறையில் பார்த்தார்கள். அன்றைக்கு நான் லெப்டினன்ட் ஆனேன்.

13.7.1974, சனி

அணிவகுப்பு முடிந்ததும் ஊக்குவித்தேன். உப்புக்காற்றில் எண்பத்து நான்கு பேர் நின்றார்கள். முப்பது நிமிடம் பேசினேன். வானம், தேசம், இளமை என்ற மூன்று சொற்களை மாற்றி மாற்றிப் போட்டால் முப்பது நிமிடம் ஓடிவிடுகிறது.

யாருக்காவது சந்தேகம் உண்டா என்று கேட்டேன். பெரிய கடைத்தெருக் கருப்பட்டிக் கடைக்காரர் மகன் மந்திரமூர்த்தி எழுந்தான். "பைலட்டுக்கு ஞாயித்துக்கெழம லீவு உண்டுமா சார்? எங்க கடையில அன்னைக்குத்தான் கூட்டம்." விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். விசாரிக்க மாட்டேன் என்பது இருவருக்கும் தெரியும்.

விமானியாக விருப்பமுள்ளவர்கள் கை தூக்கலாம் என்றேன். ஒரு கை. கடைசி வரிசையில், பி.யூ.சி. படிக்கும் இன்னாசி. திரேஸ்புரத்துப் பையன். அப்பா கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவர். கணக்கில் இந்தக் கல்லூரியிலேயே முதல் என்று கணக்கு ஆசிரியர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஏன் விமானி என்று கேட்டேன்.

"எங்கப்பா என்னியக் கடல்ல எறங்கக் கூடாதுங்காரு சார். கரையில வேல இல்ல. வானந்தான் மிச்சம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. நானும்.

31.7.1974, புதன்

அறிக்கை அனுப்பினேன். சொற்பொழிவு: ஒன்று. ஊக்குவிக்கப்பட்டோர்: எண்பத்து நான்கு.

11.8.1974, ஞாயிறு

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால் வாசலில் இன்னாசியும் அவன் அப்பாவும். விமானிக்கும் முதல் படியான கடக்வாசலா ராணுவ அகாதமி நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பம், பெற்றோர் கையெழுத்து என் முன்னிலையில் போட வேண்டும். அவர் பெயர் சிலுவை. ஐம்பது வயது இருக்கும். தோளும் மார்பும் அகலம். கண் இரண்டும் சிவப்பு. பேசினால் தெருமுனை வரை கேட்கும். கடற்கரை ஆட்கள் அலைக்கு மேலே பேசிப் பழகினவர்கள், அதனால் என்று நினைத்துக்கொண்டேன்.

"எறங்குன பயலுவள்ல நாலு பேரப் பறிகுடுத்த குடும்பம் சார். இவன் ஒருத்தனாவது நனையாம இருக்கட்டும்" என்றார். பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பதிலுக்காக.

நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சொல்வதற்கு எளிதான வாக்கியம். கிரேசி கொடுத்த காப்பியை நின்றுகொண்டே குடித்துவிட்டு, விண்ணப்பத்தில் ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார்.

அவர்கள் போன பிறகு கிரேசி, "நீங்க மணிக்கூண்டுல ஏறின கதைய அவருகிட்டச் சொல்லலியா?" என்று கேட்டாள். இருபத்திரண்டு வருட மண வாழ்க்கையில் அவளிடம் எதையும் சொல்லியிருக்கக் கூடாது.

30.9.1974

எண்பத்து நான்கு.

31.10.1974

எண்பத்து இரண்டு. இருவருக்கு அம்மை.

23.12.1974, திங்கள்

மெட்ராஸில் தேர்வு எழுதிவிட்டு இன்னாசி திரும்பியிருக்கிறான். துணைக்கு மந்திரமூர்த்தியும் விண்ணப்பம் போட்டுக்கொண்டு போனான். கணக்குத் தாள் எப்படி என்று இன்னாசியிடம் கேட்டேன். முடித்துவிட்டு ஒரு மணி நேரம் சும்மா இருந்தானாம். மந்திரமூர்த்தியிடம் கேட்டேன். மெரினாவில் சுண்டல் நன்றாக இருந்ததாம்.

இன்னாசிக்கு இது ஒரே வாய்ப்பு. பள்ளியில் இரண்டு வருடம் தாமதமாகச் சேர்ந்தவன். அடுத்த தேர்வுக்குள் வயது தாண்டிவிடும்.

18.3.1975, செவ்வாய்

இன்னாசி எழுத்துத் தேர்வில் தேறிவிட்டான். மே மாதம் மைசூரில் நேர்முகத் தேர்வு, அதற்குப் பின் பெங்களூரில் மருத்துவப் பரிசோதனை.

முதல்வர் தேவபிரசாதம் அறைக்குக் கூப்பிட்டுக் கை குலுக்கினார். ஒன்பது மாதமாக நான் அனுப்பிய அறிக்கைகளில் ஒன்று உண்மையாகிவிடும் போலிருக்கிறது. இப்படி ஒரு அபாயம் இதில் இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

22.3.1975, சனி

இரண்டு நாளாக நூலகத்தில். யுத்த காலத்து ஆங்கிலக் கையேடு ஒன்று கிடைத்தது. உயரத்தில் மனித உடம்பு என்ன பாடு படும் என்பது பற்றி. பாதியைக் கரையான் படித்திருக்கிறது. மிச்சத்தை நான் படித்தேன்.

இன்று மாலை என்.சி.சி. சாமான்கள் வைக்கும் கிட்டங்கி வராந்தாவில் இன்னாசியை உட்காரவைத்து இரண்டு மணி நேரம் விளக்கினேன். காற்றழுத்தம், மூச்சு, மயக்கம். காதைப் பற்றி விரிவாக: விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் காது அமுங்கும், உயிர் போவதுபோல் வலிக்கும், பலவீனமான காதுள்ளவனை எடுக்கவே மாட்டார்கள். இவ்வளவு நன்றாக நான் சமீபத்தில் எதையும் நடத்தியதில்லை. பாபரைக்கூட.

பையன் குறிப்பு எடுத்துக்கொண்டான். ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். காது வலியை முன்கூட்டியே பழக்கிக்கொள்ளலாமா என்று. பழக்கினால் நல்லதுதான் என்றேன். கூர்மையான பையன்.

30.3.1975, ஞாயிறு

ஈஸ்டர். பிரசங்கம் ஒன்றரை மணி நேரம். உயிர்த்தெழுதலுக்கு அவ்வளவு நேரம் பிடித்திருக்காது.

5.4.1975, சனி

இந்தக் கல்வியாண்டின் கடைசி அணிவகுப்பு. இன்னாசி இரண்டு காதிலும் பஞ்சு வைத்திருந்தான். சளி என்றான். பின்னால் திரும்பு என்றால் எல்லோரும் திரும்பியதைப் பார்த்த பிறகு திரும்புகிறான். மைசூருக்குப் போகிறவன் இப்படியா என்று கோபம் வந்தது. மைதானத்தை மூன்று சுற்று ஓடவிட்டேன். ஓடினான்.

19.4.1975, சனி

பி.யூ.சி. தேர்வு மேற்பார்வை. மூன்று மணி நேரம் நாற்பது பின்னந்தலைகள்.

14.5.1975, புதன்

மைசூரிலிருந்து தந்தி. தேறிவிட்டான். ஐந்து நாள் சோதனை; நாற்பத்து மூன்று பேரில் ஆறு பேரை எடுத்திருக்கிறார்கள்.

முதல்வர் துணியில் எழுதிக் கட்டச் சொல்லிவிட்டார்: 'வானை வென்ற எங்கள் மாணவன்.' மருத்துவப் பரிசோதனை பாக்கி இருக்கிறது, கொஞ்சம் பொறுக்கலாம் என்றேன். "அவன் உடம்பப் பாத்தியளா ஜீவமணி? கல்லு. கல்லுக்கு என்ன பரிசோதனை?" என்றார். துணி கட்டியாயிற்று.

27.5.1975, செவ்வாய்

எப்படி எழுதுவது?

காலையில் இன்னாசி வந்தான். பெங்களூரிலிருந்து நேரே. முகத்தில் ஒன்றும் இல்லை. ஒரு காகிதத்தை நீட்டினான். தற்காலிகத் தகுதியின்மை. காரணம்: செவிப்பறையில் துளை. நாற்பத்திரண்டு நாளுக்குள் ஆறினால் மறுபரிசோதனைக்கு வரலாம். ஆறாவிட்டால் வர வேண்டியதில்லை.

எப்படி வந்தது இது என்று கேட்டேன். அணிவகுப்பில் அறிக்கை கொடுப்பதுபோல நேராக நின்று சொன்னான்.

அவர்கள் தெருவில் சங்கு குளிக்கப் போகிறவன் முதல் தடவை இறங்கும்போது, காது வலித்தாலும் மேலே வரக் கூடாதாம். வலியோடு இன்னும் கீழே போக வேண்டும். போனால் காதுக்குள் ஏதோ உடையும், கொஞ்சம் ரத்தம் வரும். மேலே வந்ததும் பெரியவர்கள் காய்ச்சின எண்ணெய் விடுவார்கள். அதன் பிறகு எத்தனை பாகம் ஆழம் போனாலும் வலி இல்லை. அதற்குக் காது திறப்பது என்று பெயர். திறக்காதவனைத் தொழில்காரனாகச் சேர்ப்பதில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் எல்லாப் பையன்களுக்கும் நடக்கும். இவனுக்கு மட்டும் அப்பா விடவில்லை.

"மேல போனாலும் காது அமுங்கும், வலி தாங்காதவன எடுக்க மாட்டாங்கன்னு சொன்னியள்லா சார். பழக்குனா நல்லதுதான்னும் சொன்னிய. அதான் ஈஸ்டர் கழிச்சு ரோச் மாமா வள்ளத்துல போயித் திறந்துக்கிட்டேன். அப்பாவுக்குத் தெரியாது. மொத நாளு ஒரு காதுதான் திறந்துச்சு. மூணு நாளு எறங்குனேன். வலது மூடிட்டுதாம். இடதுலதான் ஓட்டை நிக்குதாம்."

குற்றம் சொல்லவில்லை. சொன்னதைச் செய்தவனின் குரல். அவ்வளவுதான்.

அவன் போன பிறகு இந்த நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். மார்ச் 22. இருக்கிறது, என் கையெழுத்தில். பழக்கினால் நல்லதுதான் என்றேன். கூர்மையான பையன்.

அவனை மூன்று சுற்று ஓடவேறு விட்டிருக்கிறேன். ஏன் பஞ்சு என்று இன்னொரு கேள்வி கேட்டால் என்ன குறைந்துபோயிருக்கும்? என்ன வாத்தியார் நான், என்ன படிச்சுக் கிழிச்சேன்.

28.5.1975, புதன்

பாளையங்கோட்டை. கிரேசியின் அண்ணன் ஞானையா காது மூக்கு தொண்டை டாக்டர். இன்னாசியை அழைத்துப் போனேன்.

ஞானையா விளக்கை நெற்றியில் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். உப்புத்தண்ணீரும் எண்ணெயும் போய்ச் சீழ் வைத்திருக்கிறது. தலையில் தண்ணீர் படாமல், சளி பிடிக்காமல், மருந்து விட்டு வந்தால் தானாக மூடும். எப்போது மூடும் என்று சொல்ல முடியாது. காதுக்கு நாற்பத்திரண்டு என்று எண்ணத் தெரியாது என்றார்.

பையனை வெளியே அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தார். "கடற்கரை ஆளுகளுக்கு எல்லாம் இப்படித்தான் இருக்கும் மாப்பிள்ளை, பாத்திருக்கேன். பிளேன் ஓட்டப் போற பையன் எதுக்கு இதச் செஞ்சான்? யாரு சொன்னா?"

நான் சொன்னேன் என்றேன். வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். பிறகு நிறுத்திக்கொண்டார்.

29.5.1975, வியாழன்

சிலுவையிடம் நானே போய்ச் சொல்ல வேண்டும் என்று கிரேசி சொன்னாள். போகாமல் இருக்க நான் கண்டுபிடித்த காரணங்களை இங்கே எழுதப்போவதில்லை. அவை நன்றாகவே இருந்தன.

வீட்டு முன்னால் வலை நிழலில் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். நான் முகத்தைத் திருப்பிக் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்ன பகுதியை மறுபடி சொல்லச் சொன்னார். "எனக்கு ரெண்டும் ஓட்டை சார். வாயப் பாத்துத்தான் புரிஞ்சுக்கிடுதேன்." அப்போதுதான் தெரிந்தது, அவர் ஏன் சத்தமாகப் பேசுகிறார், அன்றைக்கு ஏன் என் முகத்தையே பார்த்தார் என்று. அலையாம். நானும் என் அறிவும்.

ஆகவே, அவர் முகத்தைப் பார்த்து, இரண்டாம் தடவை சொன்னேன். பழக்கச் சொன்னவன் நான் என்பதையும்.

அவர் சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேசியபோது, அன்றைக்கு முதல் தடவையாகக் குரல் தணிந்திருந்தது.

"பதினேழு வருசம் கடல்ல எறக்காம வளத்தேன் சார். மேல ஏத்துதேன்னு சொல்லி நீங்க கீழ எறக்கிட்டிய."

14.6.1975, சனி

திரேஸ்புரத்தில் ஒரு பையன் கடலுக்கு இருபது அடி தள்ளி நடக்கிறானாம். குளிக்கும்போது கழுத்துக்கு மேலே ஈரத் துணிதானாம். தெருவே காவல் காக்கிறது. தும்மினால்கூட நாலு பேர் ஓடிவருகிறார்கள். எல்லாம் மந்திரமூர்த்தி சொல்லித் தெரிந்துகொண்டது. இப்போது அவன்தான் என் ஒற்றன். கடையிலிருந்து சுக்குக் கருப்பட்டியும் கொண்டுபோய்க் கொடுக்கிறான், சளி பிடிக்காமல் இருக்க. நான் கொடுக்கக்கூடியது ஒன்றும் இல்லை.

ரோச் மாமாவுடன் சிலுவை பேச்சை நிறுத்திவிட்டார். என்னோடும்.

26.6.1975, வியாழன்

நாட்டில் நெருக்கடி நிலை என்று வானொலியில் சொன்னார்கள். ஆசிரியர் அறையில் எல்லோரும் அதையே பேசினார்கள், தணிந்த குரலில். நான் மறுபரிசோதனைக்கு எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழு.

7.7.1975, திங்கள்

மூடவில்லை.

நூல் அளவு துளை இன்னும் இருக்கிறதாம். பெங்களூர் டாக்டர் நல்லவர். இன்னும் இரண்டு மாதம் இருந்தால் மூடிவிடும் தம்பி என்றாராம். அந்த இரண்டு மாதம் அவர் கையில் இல்லை.

கல்லூரி வாசலில் துணி இன்னும் தொங்குகிறது. நானே ஏணி வைத்து அவிழ்த்தேன்.

19.7.1975, சனி

பட்டாலியனிலிருந்து எனக்குப் பாராட்டுச் சான்றிதழ். சென்ற ஆண்டில் மிக அதிகமான மாணவர்களை ஊக்குவித்த அதிகாரி. மொத்தம் எழுநூற்று முப்பத்தொன்பது. ஒரே எண்பத்துச் சொச்சம் பேரை ஒன்பது தடவை எண்ணினால் அவ்வளவு வரும். கூடவே புதிய சுற்றறிக்கை: இந்த ஆண்டு முதல் இலக்கு உண்டு.

முதல்வர் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்றார். வீட்டில் மாட்டிக்கொள்கிறேன் என்று வாங்கி வந்தேன். பீரோவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

27.7.1975, ஞாயிறு

சிலுவை வந்தார். இந்த முறை நாற்காலியில் உட்கார்ந்தார்.

நவம்பரில் சங்கு குளி தொடங்கும்போது லைசென்ஸ் எடுத்து வள்ளத்தில் போகப் போவதாக இன்னாசி சொல்லிவிட்டானாம். உடைந்த காதை வைத்துக்கொண்டு இனி எதற்குக் கரையில் காவல் என்று கேட்கிறானாம். அப்பா சொன்னால் கேட்கவில்லை. பங்குச் சாமியார் சொன்னால் தலையாட்டுகிறான், கேட்கவில்லை.

"நீங்க சொன்னா செய்வான் சார். நல்லாத் தெரிஞ்சுபோச்சே. ஒரு பேச்சுக் குடுங்க. மேல போகாட்டா போட்டும். தரையில நிக்கச் சொல்லுங்க."

எழுநூற்று முப்பத்தொன்பது பேரை ஊக்குவித்தவன். இந்த ஒருவனிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை.

31.7.1975, வியாழன்

அறிக்கை. சொற்பொழிவு: இல்லை. ஊக்குவிக்கப்பட்டோர்: பூஜ்யம்.

2.8.1975, சனி

இன்னாசியை வரச் சொன்னேன். அதே வராந்தா. வானம், தேசம், இளமை மூன்றும் கைவசம் இருந்தன. வாயில் ஒன்றும் வரவில்லை. கடைசியில், "நான் விமானத்துல ஏறினதே இல்ல இன்னாசி" என்றேன்.

"தெரியும் சார். காலேஜுக்கே தெரியும்."

"பின்ன எதுக்குல நான் சொன்னதக் கேட்ட?"

யோசித்தான். என்னை நோகடிக்காமல் இருக்க யோசித்தானோ என்னவோ.

"எங்கிட்ட ரெண்டு மணி நேரம் உக்காந்து பேசுனது நீங்க ஒருத்தர்தான சார்."

கடலுக்கு ஏன் போகப் போகிறாய் என்று கேட்டேன். அப்பாவைச் சும்மா உட்காரவைத்துச் சாப்பாடு போட வேண்டும், காது போனவனுக்கு வேறு என்ன வேலை என்றான். கீழே பிடித்திருந்ததா என்று கேட்டேன். இல்லை, பயமாக இருந்தது என்றான். மூன்று நாளும்.

அது எனக்குப் போதும். காது மூடினால், விமானப்படையிலேயே தரையில் செய்கிற வேலைக்கு ஆள் எடுக்கிறார்களா, அதற்கு வயது என்ன, காது எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிக் கேட்கிறேன் என்றேன். எனக்கு ஒன்றும் தெரியாது, எழுத்தில் பதில் வரும்வரை நான் சொல்வது எதையும் செய்யாதே என்றும் சொன்னேன். அவன் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

11.8.1975, திங்கள்

பட்டாலியன் என் அறிக்கையைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. அந்தக் கட்டத்தில் பூஜ்யம் செல்லாதாம். சிவப்பு மையில் ஒன்று என்று திருத்தி அனுப்பினேன்.

3.9.1975, புதன்

தாம்பரம் விமானப்படை நிலையத்திலிருந்து பதில். வயது இருபது வரை. ஓட்டுகிறவனுக்குத்தான் நாற்பத்திரண்டு நாள் கண்டிப்பு. தரைப் பணிக்கு, ஆறி மூடிய காது என்றால் தடையில்லை. மூன்று தடவை படித்தேன். கிரேசியையும் படிக்கச் சொன்னேன். அவள் படித்தது நான் படித்ததுதானா என்று உறுதி செய்துகொண்டேன்.

20.9.1975, சனி

பாளையங்கோட்டை. மூடிவிட்டது. மெல்லிய தழும்பு, அவ்வளவுதான் என்றார் ஞானையா. இன்னாசி காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான், வெளியே ஏதோ தெரியும் என்பதுபோல.

இரண்டரை மாதம் தாமதம். விமானம் அதற்குள் போய்விட்டது.

10.11.1975, திங்கள்

சங்கு குளி தொடங்கியது. சிலுவை போனார். இன்னாசி கரையில் நின்று வள்ளத்தைத் தள்ளிவிட்டான். முழங்கால் வரைதான் நனைந்தான் என்று மந்திரமூர்த்தி தகவல்.

16.2.1976, திங்கள்

இன்னாசியைத் தரைப் பணிக்கு எடுத்துவிட்டார்கள். இன்று தாம்பரத்துக்கு ரயில். சிலுவையும் ரோச்சும் ஒன்றாக வந்திருந்தார்கள், கொஞ்சம் தள்ளித் தள்ளி நின்றார்கள். மந்திரமூர்த்தி ஒரு ஓலைப்பெட்டி கருப்பட்டி கொடுத்தான். நான் கொடுக்க நினைத்த அறிவுரைகளைக் கொடுக்கவில்லை.

14.11.1976, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்தால் வாசலில் சிலுவை, கையில் இன்லண்டு லெட்டர். அவருக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும், படிக்கத் தெரியாது. சாமியார் ஊரில் இல்லையாம். எதிரில் உட்காரவைத்து, நிறுத்தி நிறுத்திப் படித்தேன்.

இன்னாசி பயிற்சி முடித்துவிட்டான். வடக்கே ஒரு விமானத் தளத்தில் பாராசூட் மடிக்கிற பிரிவில் போட்டிருக்கிறார்கள். நீளமான மேஜை. விமானிகளுக்கான பாராசூட்டுகளை அதில் விரித்து, ஒரு மடிப்புத் தப்பாமல் மடித்துப் பையில் அடைத்து, கீழே தன் கையெழுத்தைப் போட வேண்டுமாம். குளிர் அதிகம். சப்பாத்தி பழகிவிட்டது. காது வலி இல்லை.

கடைசியில் இப்படி எழுதியிருந்தான்: 'இதுவரைக்கும் நானூறு மடிச்சிருக்கேன். ஒண்ணையும் மேல போயித் திறக்க வேண்டிய தேவ வரல. இங்க அத நல்ல செய்தின்னு சொல்லுதாங்க.'

சிலுவை கேட்டார்:

"அவன் மேல போறானா சார்?"

இல்லை என்றேன்.

"தண்ணிக்குள்ள?"

"இல்ல."

"மேசைகிட்ட நிக்கான்."

"ஆமா. மேசைகிட்டத்தான்."

"அப்ப சரி" என்று லெட்டரை வாங்கி நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்டார். வெயில் ஏறுவதற்குள் போக வேண்டும், நாளைக்குக் காலையில் வள்ளம் என்றார். கிரேசி காப்பி கொண்டுவந்தாள். உட்கார்ந்தே குடித்தார்.